25 எழுதிய படகுக்கு 50 பூட்டலாமா?

கேள்வி: என்னிடம் 14 அடி அலுமினியப் படகு இருக்கிறது. கைப்பிடியால் திருப்புகிற 25 குதிரைவலு எஞ்சின். இரண்டு பேரும் சாமான்களும் ஏறினால் மணிக்கு 35 கிலோமீட்டர் ஓடும். படகின் தகட்டிலும் உச்ச அளவு 25 என்றுதான் போட்டிருக்கிறது. ஒருவர் 1970களின் மெர்க்குரி 500 ஒன்றை, 50 குதிரைவலு, நான்கு சிலிண்டர், மலிவாகத் தருகிறேன் என்கிறார். "அந்தக் காலத்து 50 இந்தக் காலத்து 40தான், தைரியமாகப் பூட்டுங்கள்" என்கிறார். ஒன்டாரியோவின் சிம்கோ ஏரிக்குத்தான் போவோம். 15 வயது மகனும் ஓட்டுவான். வாங்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: வேண்டாம். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு சிலிண்டரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தப் பழைய மெர்க்குரி முழு வேகம் எடுக்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டால், இன்றும் ஆட்கள் ஏன் தேடித் திரிகிறார்கள் என்று புரியும். எனக்கும் அந்தச் சபலம் உண்டு. ஆனால் உங்கள் படகுக்கு அது ஆகாது.

விற்பவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி வரை வலுவை எஞ்சின் தண்டிலேயே அளந்தார்கள். அப்புறம்தான் புரொப்பெல்லர் தண்டில் அளக்கும் வழக்கம் வந்தது. கியரில் தேய்ந்து போவதைக் கழித்தால் பழைய 50 கொஞ்சம் குறையும். சரி, 40 என்றே வைத்துக்கொள்வோம். தகடு கேட்பது 25 அல்லவா?

இனி வேகக் கணக்கு. தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் படகில், பாரம் மாறாவிட்டால், வேகம் வலுவின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். வலு இரண்டு மடங்கானால் வேகம் 1.4 மடங்கு. உங்கள் 35, முழு 50 என்று எடுத்தாலும், 49 ஆகும். எஞ்சின் பாரமும் கூடுவதால் அதுகூட வராது. மீன் பிடிக்கும் இடம் 5 கிலோமீட்டர் தூரம் என்றால் மிச்சமாவது இரண்டரை நிமிடம். ஒன்டாரியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடவும் முடியாது. அந்தப் பழைய 50 முழு வேகத்தில் மணிக்கு 19 லீட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும்.

தகட்டிலுள்ள எண் சும்மா எழுதியதல்ல. படகின் நீளம், பின்பலகையின் (எஞ்சினைப் பூட்டும் பலகை) அகலம், திருப்புவது சக்கரமா கைப்பிடியா என்பதையெல்லாம் வைத்துப் போடுவது. பின்பக்கம் பாரம் கூடினால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும், பின்பலகை தாழும். வேகத்தைச் சட்டென்று குறைத்தீர்களோ, உங்கள் படகு கிளப்பிய அலையே பின்னால் வந்து உள்ளே ஏறும். பழைய அலுமினியப் படகுகளில் பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை உளுத்துப் போயிருப்பதும் சகஜம். 50 குதிரைவலு அதைத்தான் பிடித்துத் தள்ளும். காப்புறுதி எடுத்திருந்தால், தகட்டை மீறிப் பூட்டினால் இழப்புத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ஆசை தானாக அடங்கிவிடும்.

மகன் விஷயம்: கனடாவில் 12 வயதிலிருந்து 16 ஆகும்வரை, 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூட இருந்து மேற்பார்க்காமல் 40 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக் கூடாது.

வேகம்தான் குறை என்றால் முதலில் இருப்பதைப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். தாழ இருந்தால் சும்மா தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும். முழு வேகத்தில் எஞ்சின் சுற்று கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏறாவிட்டால், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் மாற்றினால் போதும். படகுக்குள் வேண்டாத சாமான் எவ்வளவு என்றும் எண்ணிப் பாருங்கள் (என் படகில் இரண்டு பழைய நங்கூரம் கிடந்தது).

நாளைக்குப் பெரிய படகு வாங்கி, அதற்கு அந்த எஞ்சினை எடுப்பதானால், குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். போனவுடன் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஒருமுறை கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள்; குளிர்ந்த நிலையில் கிளம்புமா என்பது உங்களுக்குத் தெரியாது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கியர் எண்ணெய் பால்போல வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பழைய பெட்ரோல் குழாய்கள் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காது, மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

கேள்வி: 1950களின் மெர்க்குரி மார்க் 20எச் என்கிற போட்டி எஞ்சின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மீன் பிடிக்கப் பாவிக்கலாமா?

பதில்: அதன் கீழ்ப்பாகம் போட்டிக்காகச் செய்தது. நியூட்ரலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. எஞ்சின் உயிர் பெற்ற கணமே படகு பாயும். தூண்டிலோடு மெல்ல நகர்வதற்கு அது வராது. பழைய போட்டிப் படகு வைத்திருப்பவர்களிடம் விலை கேளுங்கள். கீழ்ப்பாகத்தை மட்டும் தனியாகக் கேட்பவர் வந்தால் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். முழு எஞ்சினாக விற்றால்தான் விலை.