அணுக்கருவும் கதிரியக்கமும்: மாணவர் கேள்விகளுக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

பத்தாம் வகுப்பு மாணவி: சார், புரோட்டான் எல்லாமே நேர்மின்சுமைதானே? ஒன்றையொன்று தள்ளிவிடாமல் அணுக்கருவுக்குள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன?

தள்ளத்தான் செய்கின்றனம்மா. ஆனால் மிக மிக நெருக்கத்தில் மட்டும் செயல்படும் வலிமையான அணுக்கரு விசை என்று ஒன்று உண்டு. அது அந்தத் தள்ளலை மிஞ்சிவிடும். நியூட்ரானுக்கும் இந்த விசை உண்டு, மின்சுமைதான் கிடையாது. அணுக்கரு பெரிதாகப் பெரிதாக நியூட்ரான் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான். கார்பன் 12-இல் 6 புரோட்டானுக்கு 6 நியூட்ரான் போதும். ஈயம் 208-இல் 82 புரோட்டானுக்கு 126 வேண்டியிருக்கிறது. அதற்கு மேலே போனால் எத்தனை சேர்த்தாலும் நிலைப்பதில்லை.

பல பாடநூல்களில் "அணு எண் 83 வரை நிலையானது" என்று இருக்கும். அணு எண் என்றால் புரோட்டான்களின் எண்ணிக்கை. 83-ஆன பிஸ்மத்தும் சிதைகிறது என்று 2003-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுது, மதிப்பெண் முக்கியம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: அணுக்கருவில் எலக்ட்ரானே இல்லை என்கிறீர்கள். பிறகு பீட்டா துகள் எங்கிருந்து வருகிறது?

உள்ளே இருந்தது வெளியே வரவில்லை தம்பி, அந்தக் கணத்தில் புதிதாக உண்டாகிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரானும் ஆன்டிநியூட்ரினோ என்ற மின்சுமையில்லாத மிகச் சிறு துகளும் பிறந்து வெளியேறுகின்றன. அந்த எலக்ட்ரான்தான் பீட்டா துகள். கார்பன் 14-இல் இது நடந்தால் புரோட்டான் 6-இலிருந்து 7 ஆகும். அதாவது நைட்ரஜன் 14. நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) மாறாது, தனிமமே மாறிவிடும்.

பதினோராம் வகுப்பு மாணவர்: யுரேனியத்தைச் சூடாக்கினாலோ அமிலத்தில் கரைத்தாலோ கதிரியக்கம் குறையுமா, அண்ணா?

குறையாது. வேதிவினை என்பது வெளி எலக்ட்ரான்களின் வேலை. அணுக்கருவுக்கு அது எட்டாது. மேரி கியூரி தன் ஆய்வைத் தொடங்கியதே இந்த இடத்தில்தான். 1896-இல் பெக்கெரல், கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டை யுரேனிய உப்பு பாதித்திருப்பதைக் கண்டார். மேரி வெவ்வேறு யுரேனியச் சேர்மங்களை அளந்து பார்த்தார். எந்தச் சேர்மமாக இருந்தாலும் கதிர்வீச்சு அதிலுள்ள யுரேனியத்தின் அளவை மட்டுமே பொறுத்திருந்தது. ஆனால் பிட்ச்பிளெண்ட் என்ற தாதுவை அளந்தபோது கணக்கு உதைத்தது: தூய யுரேனியத்தைவிட அது வீரியமாக இருந்தது. அப்படியானால் அதற்குள் தெரியாத வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? 1898-இல் பொலோனியம், அதே ஆண்டில் ரேடியம்.

பத்தாம் வகுப்பு மாணவர்: அயோடின் 131-க்கு அரை ஆயுட்காலம் 8 நாள். அப்படியென்றால் 16 நாளில் முழுசாகத் தீர்ந்துவிடுமா?

எல்லோரும் சறுக்குகிற இடம். 80 மில்லிகிராம் எடுத்துக்கொள். 8 நாளில் 40, 16 நாளில் 20, 24 நாளில் 10. ஒவ்வொரு முறையும் மிச்சத்தில்தான் பாதி போகிறது. இன்னொன்று: எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அணுவுக்கு வயதாவதில்லை. 8 நாள் தப்பித்த அணுவுக்கு அடுத்த 8 நாளிலும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

ஒரு தாய்: மகளுக்குப் போன வாரம் எக்ஸ்ரே எடுத்தோம். உடம்பில் கதிரியக்கம் தங்கிவிடுமா?

தங்காதுங்க. எக்ஸ்ரே அணுக்கருவிலிருந்து வருவதே இல்லை. கருவிக்குள் எலக்ட்ரான்கள் உலோக இலக்கில் மோதுவதால் உண்டாவது. சுவிட்சை அணைத்தால் அதோடு சரி. தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் 131 கொடுப்பது வேறு கதை. அங்கே கதிரியக்கப் பொருளே உடலுக்குள் போகிறது. அதிக அளவு கொடுத்தவர்களைச் சில நாள் தனி அறையில் வைப்பது அதனால்தான்.

கன்னியாகுமரி மாவட்ட மாணவி: மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பு மணல்தான் கதிர்வீச்சுக்குக் காரணமா?

கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். தோரியம் இருப்பது மஞ்சள் பழுப்பான மோனசைட்டில். தோரியம் 232-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு, அவ்வளவு மெதுவாகச் சிதைகிறது. அது விடும் ஆல்ஃபா துகளை (2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்தது) ஒரு தாளே நிறுத்திவிடும். தூசியாக மூச்சில் உள்ளே போனால்தான் ஆல்ஃபா ஆபத்து. ஆனால் தோரியம் சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல்கள் சில, தாளைத் தாண்டி ஊடுருவும் காமா கதிரும் விடுவதால் அப்பகுதியில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: யுரேனியம் 238, ஈயம் 206 ஆக மாற எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா? சூத்திரம் உண்டா?

சூத்திரத்தை மனப்பாடம் பண்ணாதே. நிறை எண்ணைக் குறைப்பது ஆல்ஃபா மட்டும்தான். 238-206 = 32; ஆல்ஃபாவுக்கு 4 வீதம் 8 ஆல்ஃபா. ஒவ்வொன்றும் 2 புரோட்டானைக் கொண்டுபோகும், ஆகவே 92-16 = 76. ஈயமோ 82. குறைகிற 6-ஐ ஈடுகட்ட 6 பீட்டா. இதே வழியில் தோரியம் 232 (அணு எண் 90), ஈயம் 208 ஆவதை நீயே போட்டுப் பார். 6 ஆல்ஃபா, 4 பீட்டா வரவில்லையென்றால் செய்முறையை அப்படியே எழுதி அனுப்பு, எங்கே தப்பு என்று பார்க்கலாம்.