வாசகர் கேள்வி-பதில்: வரைபடம் முடிந்த பிறகு எதற்குக் கருத்துக்கேட்பு?

கேள்வி: நகர மையத்தில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். எங்கள் தெருவைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். போய்ப் பார்த்தால் வண்ணப் படம் தயாராக இருக்கிறது, மரம் எங்கே, பெஞ்சு எங்கே என்பது வரை முடிவாகிவிட்டது. எங்களிடம் கேட்டதெல்லாம் “பிடித்திருக்கிறதா?” மட்டும்தான். இதுதான் மக்கள் பங்கேற்பா?

பதில்: இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் மக்களைச் சமாளித்து அனுப்புவதுதான் நடக்கும். நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் வரும். மேல்படிகளுக்குப் போனால்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வரும். உங்களை நடுப்படியிலேயே நிறுத்திவிட்டு, உச்சிக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நானும் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். வேலைநாள், காலை பதினொரு மணி, ஒரே ஒரு மைக். அந்த நேரத்துக்குக் கடையை விட்டுவிட்டு நீங்கள் வர முடியாது, தெருவோர வியாபாரி வர முடியாது, இரவு வேலை முடித்துத் தூங்கப் போனவர் வர முடியாது. ஆனால் அந்தத் தெருவை நன்றாகத் தெரிந்தவர்களே இவர்கள்தான். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும், எந்த மூலை இருட்டு, சக்கர நாற்காலியில் வருகிறவர் எந்த இடத்தில் திரும்பிப் போகிறார் என்பதெல்லாம் வரைபடம் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன்பே அவர் உங்களோடு அந்தத் தெருவில் நடக்க வேண்டும், விடியற்காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தடவை.

அப்புறம் பணம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் பங்கேற்பு பட்ஜெட் என்ற முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடி, முதலீட்டுப் பணத்தில் எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தி, அதற்காக வாதாடத் தங்களுக்குள்ளேயே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழைப் பகுதிகள் கேட்டவை குடிநீர், கழிவுநீர்க் குழாய், சாலை போன்றவை. வண்ணப் படத்தில் இவை அவ்வளவு அழகாகத் தெரியாது!

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் இன்னும் மாற்றக்கூடியது எது? நாங்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும், ஏற்றால் ஏற்றோம், ஏற்காவிட்டால் ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் தருவீர்களா? முதல் கேள்விக்கு “எதுவும் இல்லை” என்றுதான் பதில் வரும் என்றால், வரைபடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: தெருவில் வண்டியே வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடாதா?

பதில்: டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-இல் சோதனையாக வண்டிகளுக்கு மூடியபோது கடைக்காரர்கள் பலமாக எதிர்த்தார்கள். இந்தக் குளிரில் தெருவில் யார் உலாவுவார்கள் என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. கூட்டம் வந்தது, 1964-இல் அது நிரந்தரமானது, இன்றைக்கும் நகரின் முக்கியமான கடைத்தெரு அதுதான்.

ஆனால் இதை மட்டும் சொல்லி உங்களைத் தைரியப்படுத்தினால் அது நேர்மையாகாது. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர் 1959-இலேயே நகர மையத் தெருவை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கியது, பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. 1998-இல் கலமசூவே அதில் ஒரு பகுதியை வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. வீடுகளும் பெரிய கடைகளும் புறநகருக்குப் போய்விட்ட இடத்தில் மையத் தெருவை மட்டும் மூடினால் அங்கே நடப்பதற்கு ஆள் வேண்டாமா? பக்கத்தில் குடியிருப்பவர்கள் இருக்க வேண்டும், பேருந்து வாசல் வரை வர வேண்டும், சரக்கு இறக்க நேரம் ஒதுக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் எந்நேரமும் வழி இருக்க வேண்டும். நிழலும் கழிப்பறையும் இல்லாத தெருவில் யாரும் நிற்கமாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் செய்து பார்த்துவிடலாம். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தின் வழியே போகும் பிராட்வே சாலையை 2009-இல் வண்டிகளுக்கு மூடியபோது தரையைத் தோண்டவில்லை, மடக்கு நாற்காலிகளைத்தான் போட்டார்கள். மக்கள் உட்கார்ந்தார்கள், அடுத்த ஆண்டே நிரந்தர முடிவு வந்தது. உங்கள் தெருவிலும் சில மாதங்கள் முயன்று, முன்னும் பின்னும் ஆட்களையும் விற்பனையையும் நீங்களே எண்ணி வையுங்கள்.

கேள்வி: பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடம் கட்டுவது நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. பழைய சுவரில் உள்ள செங்கலும் இரும்பும் சிமெண்டும் செய்ய எரித்த எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இடித்தால் அது வீண், புதிதாகக் கட்டினால் இன்னொரு மடங்கு செலவு. பலமாக இருக்கிற கட்டடத்துக்குக் கூரை, குழாய், ஜன்னல் மாற்றினாலே போதும்.

கேள்வி: நான் மையப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். தெரு அழகானால் வாடகை ஏறும், நாங்கள் வெளியே போக வேண்டியதுதான். இந்தப் புதுப்பிப்பால் எங்களுக்கு என்ன லாபம்?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். பல நகரங்களில் நீங்கள் பயப்படுவது அப்படியே நடந்திருக்கிறது. ஆனால் தடுக்கவும் முடியும். இத்தாலியின் பொலோனா நகரம் 1973-இல் பழைய மையத்தைப் புதுப்பித்தபோது, கட்டடத்தோடு சேர்த்து அங்கே குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியது. பழுதுபார்க்கப் பொதுப்பணத்தில் உதவி வாங்கிய வீட்டுக்காரர்கள் வாடகையைக் கட்டுக்குள் வைக்க ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது குடும்பங்களைப் பக்கத்திலேயே தற்காலிக வீடுகளில் தங்க வைத்து, முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அதனால் மரக்கன்று நடுவதற்கு முன்னால் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இப்போது அந்தத் தெருக்களில் யார் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை வருடமாக, என்ன வாடகையில் என்று அக்கம்பக்கத்தில் உள்ளவர்களே சேர்ந்து இந்த மாதமே ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு எடுத்தால், அதற்குள் போய்விட்டவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.