பழைய குழந்தைப் படம்: துணிக்குள் இருப்பது யார்?

இங்கிலாந்தில் பழம்பொருள் சந்தையில் ஒரு குழந்தைப் படம் வாங்கிய வாசகர் எழுதியிருக்கிறார். குழந்தைக்குப் பின்னால் பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பெரிய உருவம், அதிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே தெரிகிறது. விற்றவர் "இறந்த குழந்தை" என்று சொன்னாராம். உண்மையா, எந்தக் காலத்துப் படம், பையனா பெண்ணா என்று கேட்கிறார்.

பயப்படாதீர்கள். துணிக்குள் இருப்பது அநேகமாக அம்மா, இல்லையென்றால் ஆயா. 1851-இல் வந்த ஈரத்தட்டு முறையில் (ரசாயனம் பூசிய தட்டு காய்வதற்குள் படமெடுப்பது) ஒரு படத்துக்குச் சில வினாடிகளாவது அசையாமல் இருக்கவேண்டும், கைக்குழந்தையிடம் அது நடக்குமா? அதனால் ஒருவர் போர்த்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்து குழந்தையைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் நீள்வட்டச் சட்டம் போட்டால் துணி மறைந்துவிடும். சட்டம் கழன்ற படங்கள்தான் இன்று பேய்ப்படம் மாதிரி தெரிகின்றன.

இறந்த குழந்தைகளைப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் குழந்தை பெரும்பாலும் தூங்குவதுபோல் படுத்திருக்கும், அல்லது பெற்றவர் மடியில் இருக்கும். "இறந்த குழந்தை" என்று சொன்னால் விலை ஏறும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும், அவ்வளவுதான். விரல், பாதம் எங்காவது மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. தெளிவாக இருப்பதால் மட்டும் இறந்த குழந்தை என்று ஆகிவிடாது. சில படங்களில் ஆளுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் கால் தெரியும், அதை வைத்தும் கதை கட்டுகிறார்கள். அது உயிரோடு இருப்பவர் தலையை ஆட்டாமலிருக்க வைத்தது, ஓர் உடலின் பாரத்தைத் தாங்காது.

கவுனை வைத்துப் பெண் என்று முடிவு கட்டாதீர்கள். பையன்களும் நாலைந்து வயதுவரை, சில வீடுகளில் அதற்கு மேலும், கவுன்தான் போட்டார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே 1884-இல் இரண்டரை வயதில் பாவாடையும் நீள முடியுமாகப் படத்தில் இருக்கிறார். வகிடு பக்கவாட்டில் என்றால் பையனாக இருக்கலாம், நடுவில் என்றால் பெண்ணாக இருக்கலாம். ஆனால் இதுவும் நிச்சயமான அடையாளம் கிடையாது.

காலத்துக்கு, முதலில் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப், 1856-க்குப் பிந்தையது. அட்டையில் ஒட்டிய காகிதப் படம் என்றால் அட்டையை அளந்து பாருங்கள்: சுமார் 2½க்கு 4 அங்குலம் என்றால் 1860-களில் கொடிகட்டிப் பறந்த 'கார்ட் தெ விசிட்' என்ற விசிட்டிங் கார்டு அளவுப் படம், 4¼க்கு 6½ என்றால் 1866-க்குப் பிறகு வந்த, அதைவிடப் பெரிய கேபினட் அட்டை. 1880-களில் உலர்தட்டு (ரசாயனம் பூசி முன்கூட்டியே காயவைத்த தட்டு) பரவியதும் படமெடுக்கும் நேரம் குறைந்தது, அம்மா ஒளியவேண்டிய தேவையும் குறைந்தது. பின்பக்கம் ஸ்டுடியோ பெயரும் முகவரியும் இருந்தால் அந்த ஊரின் பழைய வணிக முகவரிப் புத்தகத்தில் தேடுங்கள், ஆண்டு இன்னும் நெருங்கிவிடும். ஈரத்துணியால் மட்டும் துடைக்கவேண்டாம், டின்டைப்பாக இருந்தால் துருப்பிடிக்கும்.