அமெரிக்கன் ஆற்றுப் பாதையில் திரும்பும்போது மட்டும் வேகம் குறைவது பற்றி

உங்கள் உடல்வலிமை குறையவில்லை. பெரும்பாலும் எதிர்காற்றுதான் காரணம். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவின் டிஸ்கவரி பூங்காவிலிருந்து ஃபோல்சம் வரை மிதிவண்டியில் எளிதாக ஏறிச் செல்லும் நீங்கள், ஆற்றின் போக்கிலேயே இறங்கித் திரும்பும் கோடை மாலையில் வேகம் மணிக்கு 6 கி.மீ. குறைவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளத்தாக்கு வெயிலில் சூடேறிக் காற்று மேலெழும்போது, பசிபிக் கடலின் குளிர்காற்று கார்க்கினெஸ் நீரிணை வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, பிற்பகலுக்கு மேல் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அங்குள்ளோர் அதை டெல்டா காற்று என்பர். பாதையின் வேக வரம்பான 24 கி.மீ. வேகத்தில் செல்பவர் 16 கி.மீ. எதிர்காற்றைச் சந்தித்தால், 40 கி.மீ. வேகக் காற்றைக் கிழித்துக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஆற்றங்கரையின் மெல்லிய சரிவு எம்மாத்திரம்!

ஒரு நாள் விடியலில் புறப்பட்டு, பாதித் தூரத்திலேயே திரும்பி, முற்பகலுக்குள் வந்து சேர்ந்து பாருங்கள். அப்போதும் வேகம் குறைந்தால் மிதிவண்டியைச் சந்தேகிக்கலாம்; பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டை உரசுகிறதா என்று கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: இழந்த நேரத்தை ஈடுகட்ட அந்த 24 கி.மீ. வரம்பை மீறி விரையாதீர்கள். மோட்டார் வாகனங்கள் வராத பாதைதான், ஆனால் நடப்பவர்களும் குழந்தைகளும் அதில்தான் வருகிறார்கள்.