வேலைக்கு அனுப்பும் கவர் லெட்டர் தனித்துத் தெரிய என்ன எழுத வேண்டும்?

இருபது முப்பது கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, ஒரு பதிலும் வராமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவள், அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஏழு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்பவளாக இருந்தேன். 2018-ல் மகன் பிறந்ததும் வேலையை விட்டேன். திரும்பத் தேடியது 2022-ல். நூல் விலை ஏறிக்கொண்டே போன நேரம். மே மாதம் ஊரே இரண்டு நாள் கம்பெனிகளை மூடிப் போராடியது. இருக்கிற ஆட்களையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடம் வீட்டில் இருந்தவளை யார் கூப்பிடுவார்கள்?

முதலில் நெட்டில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன், புதிதாகக் கற்பதில் ஆர்வம் உள்ளவள். என் நாத்தனார் ஒரு கம்பெனியில் எச்ஆரில் இருக்கிறாள். படித்துவிட்டு, "அண்ணி, இந்த வரி வர்ற எல்லா மெயில்லயும் இருக்கு. நீங்க அங்க என்ன பண்ணீங்கன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

யோசித்ததில் ஒரு குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் நினைவுக்கு வந்தது. சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணி, 12,000 பீஸ். லேப் ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும், கட்டிங் மாஸ்டர் மறுநாளே வெட்ட நின்றார். எனக்குத் துணியைத் தொட்டதுமே, துவைத்தால் அதிகமாகச் சுருங்குமோ என்று சந்தேகம். ரோலில் ஒரு துண்டு வாங்கி, 50 சென்டிமீட்டருக்குச் சதுரம் வரைந்து, வீட்டு மெஷினில் துவைத்துக் காயவைத்தேன். நீளவாக்கில் 45.5-தான் நின்றது. அதாவது 9 சதவீதச் சுருக்கம். பையர் அனுமதித்தது 5. காலையில் அந்தத் துண்டைக் கட்டிங் டேபிளில் வைத்து அளந்து காட்டினேன். துணி மறுபடி காம்பாக்டிங்குக்கு, அதாவது வெட்டும் முன்பே துணியை மெஷினில் சுருக்கி எடுக்கும் வேலைக்குப் போனது. கப்பலில் ஏற்ற வேண்டிய தேதியும் தவறவில்லை. வெட்டித் தைத்த பிறகு தெரிந்திருந்தால் ஒன்றுமே செய்திருக்க முடியாது.

அடுத்த கடிதத்தில் முதல் பத்தியே இதுதான், நான்கு வரியில். இரண்டாவது பத்தி, அந்தக் கம்பெனியும் குழந்தைகள் உடைதான் செய்கிறது என்பதால் அங்கே நான் எதற்குப் பயன்படுவேன் என்று. இடைவெளியைப் பற்றி ஒரே வரி: மகனுக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்தேன், இப்போது முழு நேரம் வர முடியும். அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அரைப் பக்கத்தில் முடிந்தது. அதை அட்டாச்மெண்டாக வைக்காமல் மெயிலிலேயே எழுதினேன். ரிசப்ஷனுக்குப் போன் போட்டு ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) பெயரைக் கேட்டு, அவர் பெயருக்கே அனுப்பினேன்.

நாலாம் நாள் ஜிஎம்மே கூப்பிட்டார். "அந்தத் துணியை வெயில்ல காய வெச்சீங்களா, நிழல்லயா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இன்று வரை அங்கேதான் இருக்கிறேன்.

ஒரு கடிதத்தால் வேலை கிடைக்காது, அனுபவத்தால்தான் கிடைத்தது என்று சிலர் கமெண்டில் சொல்வீர்கள். சரி, அனுபவம்தான். ஆனால் அதே அனுபவம் முந்தைய கடிதங்களுக்குப் பின்னாலும் இருந்தது, ஒருவரும் கூப்பிடவில்லையே. ஐடியில் வேறு மாதிரி இருக்கலாம், எனக்குத் தெரிந்த தொழிலைத்தான் சொல்கிறேன். இப்போதுதான் படிப்பு முடித்தவர் என்றால் புராஜெக்ட்டிலோ, அப்பா கடையில் கணக்குப் பார்த்ததிலோ இப்படி ஒன்று இருக்கும். நடக்காததை மட்டும் எழுதாதீர்கள்; இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்ட பிறகு கைக்குழந்தையோடு ஐந்து மாதம் நடந்தேன், "முதலாளி ஊரில் இல்லை" என்றே சொன்னார்கள். நான் படித்து வாங்கிய பட்டத்தை இன்னொருவர் பீரோவில் பூட்டி வைக்க என்ன உரிமை இருக்கிறது? இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. இந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றும் ஒரிஜினல் கேட்டார்கள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.