மழைநீர் புகுந்த கேபினட்டை உடனே போட்டுப் பார்க்காதீர்கள்

கேள்வி: மும்பையில் கீழ்த்தள வீடு. நேற்றிரவு மழைநீர் உள்ளே வந்து, தரையில் இருந்த கணினிக் கேபினட் பாதி நனைந்துவிட்டது. காயவைத்தால் ஓடுமா? அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்களே?

இதுவரை சுவிட்சைத் தொடவில்லை என்றால், ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நான் தாராவியில் கணினி பழுது பார்க்கிறவன். மழைக்காலம் பிறந்தால் நனைந்த கேபினட்டுகள் தோளிலும் டாக்சியிலும் வந்து இறங்கும். அவற்றில் தண்ணீரால் செத்தவை குறைவு; "ஓடுகிறதா என்று பார்ப்போமே" என்று ஈரத்தோடு போட்டுப் பார்த்ததில் செத்தவையே அதிகம்.

கணினியின் முதன்மை மின்பலகையான மதர்போர்டு தண்ணீரைக் கண்டால் செத்துவிடும் என்பது வீண் பயம். பற்றவைத்த மின்பலகைகளைத் தொழிற்சாலையிலேயே தண்ணீரால் கழுவும் வழக்கம் உண்டு. அங்கே தண்ணீர் உப்பு நீக்கியது, பலகையில் மின்சாரம் கிடையாது. உங்கள் வீட்டில் இரண்டும் தலைகீழ். ஈரப் பலகையில் மின்னழுத்தம் நின்றால், நேர்முனைச் செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கி நகரும். இடையில் புதுப்பாலம் போட்டு இரண்டையும் இணைத்துவிடும். பச்சைப் பூசணம்போல் ஒன்று சிப்புகளின் கால்களைச் சுற்றிப் படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

"மழைக்கு முன்பே ஷட்டவுன் செய்துவிட்டேன்" என்று பலர் நிம்மதியாகச் சொல்வார்கள். ஷட்டவுன் ஆன பிறகும், வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும், காசு அளவுள்ள சிஆர் 2032 பேட்டரியின் 3 வோல்ட் உள்ளே இருக்கிறது. யுபிஎஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் மின்சாரம் போன பிறகும் அது தன் கடமையைச் செய்யும். எனவே முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சுவிட்சை எட்டவே தண்ணீரில் நிற்க வேண்டுமென்றால் நீங்கள் போகாதீர்கள், மின்வாரிய ஆளைக் கூப்பிடுங்கள். பிறகு யுபிஎஸ்ஸை நிறுத்தி, எல்லா வயர்களையும் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, அந்தக் காசு பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. ஏசியிலிருந்து சொட்டியதென்றால் அதில் உப்பு மிகக் குறைவு. காயவைத்தாலே பெரும்பாலும் போதும். பால், சர்க்கரை கலந்த காபி ஒரு டம்ளர், ஒரு குடம் குழாய்த் தண்ணீரைவிடக் கெடுதி. மும்பை வெள்ளமோ தனி ரகம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது நகரமே பார்த்ததுதான்: கடல் ஏற்றமாக இருந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்காது, திரும்பி வீட்டுக்குள் வரும். உப்பு, சாக்கடை, சேறு எல்லாம் அதில் உண்டு. இதை அப்படியே காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு பலகையிலேயே தங்கிவிடும். அடுத்த ஈரக்காற்றில் அது மறுபடி வேலையைத் தொடங்கும். ஆகவே காயவைப்பதற்கு முன் கழுவ வேண்டும்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் நான் முதலில் தேடுவது சேற்றுக்கோட்டைத்தான். உள்ளே தண்ணீர் எதுவரை ஏறியது என்று அது மெல்லிய பழுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். பழைய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் மேலே, ஹார்ட் டிஸ்க் கீழே. பாதி நனைந்தால் முதலில் முழுகுவது ஹார்ட் டிஸ்க். இப்போதைய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அடியில் உட்கார்ந்திருப்பதால் அதுதான் முதல் பலி. ஒருவகையில் நல்லதே, மாற்றுவதற்கு எளிதான பாகம். முழுகிய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடியது. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

மதர்போர்டு, ராம் (நினைவகப் பலகை), கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைக் கழற்றி, ஃபேன்களையும், பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரால் சேறு போகும்வரை கழுவலாம். டிஸ்டில்டு வாட்டர்தானா, ஆசிட் கலந்ததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பிறகு மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் விற்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்து மென்மையாகத் தேய்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் பல்துலக்கி படவே கூடாது. முடி போன்ற அந்த ஊசிகள் வளைந்தால் அதை நிமிர்த்த என் கண்ணுக்கே பூதக்கண்ணாடி வேண்டும்.

அரிசியை விட்டுவிடுங்கள். கேபினட்டைப் புதைக்க ஒரு மூட்டை வேண்டும், தவிட்டுத் தூள் ஸ்லாட்டுகளில் புகுந்துகொள்ளும், சோற்றுக்கும் ஆகாது. மேசை ஃபேன் போதும். ஜூலை மாத மும்பையில் துணியே காய்வதில்லை என்பதால் ஏசி அறை கிடைத்தால் உத்தமம். சில நாள் பொறுங்கள். சிப்புகளின் அடியில் இருக்கும் ஈரம் கடைசியில்தான் போகும். ஹேர் டிரையர் அதை இன்னும் உள்ளே தள்ளும்.

ஹார்ட் டிஸ்க் கதை வேறு. பெரும்பாலானவற்றின் மூடியில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு, வெள்ளநீர் அதன் வழியே போகும். எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி அண்ணாச்சி ஒருவர், கணக்கெல்லாம் அதில் இருக்கிறதே என்ற பதற்றத்தில் மூடியைத் திருகிக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு வந்தார். "தம்பி, உள்ளே கண்ணாடிபோல் பளபளவென்றுதான் இருக்கிறது, ஏன் ஓட மாட்டேன் என்கிறது?" என்றார். தரவைப் படிக்கும் முனை, உள்ளே சுழலும் அந்தப் பளபளத் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தூசி அதற்கு மலை. முழுகிய ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காமல், ஓட்டாமல், காயவும் வைக்காமல் ஈரத்தோடே பையில் போட்டு மூடி, தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டால் அவர்களுக்கும் கஷ்டம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளிலேயே தரவை வைக்கும் எஸ்எஸ்டி என்றால் கவலை குறைவு. மற்றப் பலகைகளைப்போலவே கழுவிக் காயவைக்கலாம்.

எல்லாம் காய்ந்த பிறகு புது எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசஸர், அதன் மேல் சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் தடவி ஹீட்சிங்க், ஒரே ஒரு ராம், இவை மட்டும் போட்டு ஓட்டுங்கள். கருகல் வாடை வந்தால் உடனே பிடுங்குங்கள். சிறிது நேரம் ஒழுங்காக நின்றால் எஸ்எஸ்டியை மாட்டி, வேறு வேலைக்குப் போவதற்கு முன் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிடுங்கள். இன்று ஓடும் பலகை அடுத்த மாதம் அரிப்பில் நிற்கலாம். உயிரே வராவிட்டால், பழைய மதர்போர்டுக்கு ரிப்பேர் செலவு செய்யாதீர்கள். அதே சாக்கெட் உள்ள பழைய போர்டு ஒன்றைத் தேடுங்கள், பிராசஸரும் ராமும் பெரும்பாலும் அதில் அப்படியே ஓடும்.