நெருக்கடி நிலைக் காலத்தில் டெல்லியில் சிறுவராக இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன?

1975 ஜூன் 25ஆம் தேதி நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தபோது எனக்கு 12 வயது. சரோஜினி நகரின் அரசு ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக இருந்த பகதூர் ஷா ஜாபர் மார்க் சாலையில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால் மறுநாள் பல நாளிதழ்கள் வரவில்லை.

வெயில் காலத்தில் எல்லோரும் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்து, கட்டிலுக்குக் கட்டில் அரசியல் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சு ஒரே வாரத்தில் நின்றுபோனது. பேருந்தில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் பெயர்கள் எந்த மொழியிலும் பெயர்கள்தான் என்று அப்பா எச்சரித்த பிறகு, இந்திரா காந்தியை வீட்டுக்குள்கூட 'அந்த அம்மா' என்றே சொல்லப் பழகினோம்.

1976இல் கருத்தடை அறுவைச் சிகிச்சை தீவிரமானது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது செய்யப்பட்டது. நாங்கள் மூன்று குழந்தைகள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதற்கான சான்றிதழ் கொண்டுவராவிட்டால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் மதியமே வீடு திரும்பிய அவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார் அம்மா. 'நஸ்பந்தி' என்ற இந்திச் சொல்லையும் அது கருத்தடை அறுவைச் சிகிச்சையைக் குறிக்கிறது என்பதையும் மைதானத்தில் என்னைவிடப் பெரிய பையன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குழந்தை எப்படிப் பிறக்கிறது என்பதும் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மீசை அரும்பும் வயதில் ஒரு பையன் வெட்கத்தோடும் ஆவலோடும் அறிந்துகொள்ள வேண்டியதை, என் தந்தைக்கு நேர்ந்த அவமானமாக நான் அறிந்துகொண்டேன் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாமல், மறுநாள் முதல் ரேஷன் கோதுமையையும் மண்ணெண்ணெய் டின்னையும் நானே சுமந்து வந்தேன்.

அப்போது வாக்குரிமை வயது 21. ஆகவே 1977 மார்ச் தேர்தலில் அப்பாவும் அம்மாவும் வாக்களித்துவிட்டு வரும்வரை வாசலில் காத்திருந்தேன். டெல்லியின் ஏழு தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. மார்ச் 20ஆம் தேதி இரவு, நாளிதழ் அலுவலகங்களின் முன்னே முடிவுகளைப் பார்க்கக் கூடிய பெருங்கூட்டத்துக்கு அப்பா என்னையும் அழைத்துச் சென்றார். திரும்பும் பேருந்தில், இருபது மாதங்களாகச் சொல்லாத அந்தப் பெயரை அவர் உரக்கச் சொல்லிப் பேசிக்கொண்டே வந்தார்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி மட்டும் அவர் கடைசி வரை என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.